வெளுத்த இமைகள்

எமாலிக்கு மேற்கே,
1997 நவம்பர் 20

அன்புத் தம்பி கோய்கைக்கு,

அக்கா எழுதுகிறேன். உன் மகன் எப்படி இருக்கிறான்? உன் மனைவி முவனாஷா நலமா? நம் வழக்கப்படி அடுத்து ஆடுமாட்டை விசாரிக்க வேண்டும். நீ மேய்ப்பதெல்லாம் ஆராய்ச்சிப் பண்ணை ஆடு, அதை உன்னிடம் எப்படி விசாரிப்பது? கடற்கரைக்குப் போய் மீன் தின்கிற மாசாய் ஆகிவிட்டாய் என்று இங்கே எல்லோரும் சிரிக்கிறார்கள். நானும் சேர்ந்துதான் சிரிக்கிறேன். நீ வந்து இரண்டு வருடம் ஆகிறது, வேறு என்ன செய்ய?

மழை நிற்கவில்லை. போன வருடம் வறட்சியில் மாடுகளைப் பறிகொடுத்தோம், நினைவிருக்கும். இந்த மழை வந்தபோது பெண்கள் எல்லோரும் வெளியே நின்று நனைந்து பாடினோம். புல் முழங்கால் வரை வளர்ந்தது. ஆடுகள் வயிறு புடைக்க மேய்ந்தன. இனிக் கவலை இல்லை என்று நினைத்தேன்.

இப்போது அந்தப் புல்லை மேய்ந்துகொண்டே இளைக்கின்றன, தம்பி. தாடைக்குக் கீழே தண்ணீர்ப்பை மாதிரி வீங்குகிறது. மேயும்போதே முன்னங்கால் மடிந்து உட்கார்ந்துவிடுகிறது. காலையில் பட்டியைத் திறந்தால் இரண்டோ மூன்றோ எழுந்திருப்பதில்லை. அறுத்துப் பார்த்தால் ரத்தம் தண்ணீராக ஓடுகிறது. எமாலிக் கடையில் மருந்து வாங்கி எல்லாவற்றுக்கும் ஊற்றினேன். ஒரு பலனும் தெரியவில்லை.

சாவதெல்லாம் வெள்ளை ஆடுகள். உன் அத்தான் எவ்வளவு ஆசையாகச் சேர்த்த மந்தை என்று உனக்குத் தெரியும். கறுத்த தலை வெள்ளைக் கிடாவை அவர் ஒரு பெரிய பண்ணையில் வாங்கி ஓட்டிக்கொண்டு வந்த அன்று ஊரே பார்க்க வந்தது. குட்டிகள் கன்றுபோல வளர்ந்தன, சந்தையில் வியாபாரிகள் அடித்துக்கொண்டார்கள். நம் சிவப்புச் செம்மறிகளை ஒவ்வொன்றாக விற்றுவிட்டு வெள்ளையாகவே ஆக்கினார். என் கல்யாணத்துக்கு அம்மா கொடுத்த இரண்டு சிவப்புப் பெட்டைகளை மட்டும், அம்மா கொடுத்தது என்பதால், தொடவில்லை. அவை கிழடு தட்டிவிட்டன. ஆனாலும் மேய்கின்றன.

அவர் இறந்த பிறகு பெரியவர்கள் என்ன சொன்னார்கள் என்பது உனக்குத் தெரியும். மந்தை இருக்கும் வரை சிலந்தோய் தனியாக இருக்கலாம், இல்லாவிட்டால் கணவனின் அண்ணன் வீட்டுக்குப் போக வேண்டும் என்றார்கள். அந்த அண்ணன் பர்முவாட் இப்போது தினமும் காலையில் வருகிறார். என்னிடம் பேசுவதில்லை. வேலிக்கு மேலாகப் பட்டியைப் பார்த்துவிட்டுப் போகிறார்.

என் மகள் நைசுலா ஏழாம் வகுப்பு. கணக்கில் முதல் மார்க். மாமா எப்போது வருவார் என்று கேட்கிறாள்.

உனக்குத் தெரிந்த மருந்து இருந்தால் அனுப்பு. பள்ளிக்கூட முகவரிக்கே எழுது, வாத்தியார் கொடுத்துவிடுவார்.

உன் அக்கா,
சிலந்தோய்


உக்குண்டா,
1997 டிசம்பர் 4

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி கோய்கை வணங்கி எழுதுவது. இங்கே நாங்கள் நலம். மகனுக்கு இருமல் இருந்தது, சரியாகிவிட்டது. நீ மீன் என்று எழுதியதைப் படித்துக் காட்டினேன். முவனாஷா சிரித்துவிட்டு, ரத்தமும் பாலும் குடிக்கிற வீட்டிலிருந்து இந்தப் பேச்சா என்று கேட்கச் சொன்னாள்.

அக்கா, இது குடற்புழு. ஆட்டின் நாலாவது வயிற்றில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கிறது. நூல் மாதிரி மெல்லியது, சிவப்பும் வெள்ளையும் முறுக்கின மாதிரி இருக்கும். முட்டை புழுக்கையோடு வெளியே வந்து ஈரப் புல்லில் குஞ்சு பொரிக்கும். அந்தப் புல்லோடு திரும்ப வயிற்றுக்குள் போகும். நம் பக்கம் காய்ந்த பூமி, இவ்வளவு ஈரத்தை அது பார்த்ததே இல்லை. அதனால்தான் நமக்கு இதைப் பற்றித் தெரியாமல் போனது.

நாங்கள் இங்கே பார்த்துக்கொண்டிருப்பதும் இதைத்தான். ஒரே புல்வெளியில் நம் சிவப்பு ஆட்டையும் வெள்ளை ஆட்டையும் சேர்த்து விட்டிருக்கிறோம். எது தாங்குகிறது என்று பார்க்க, சிலவற்றுக்கு இளம்புழுவைத் தண்ணீரில் கலந்து வாயில் ஊற்றுவோம். வாரம்தோறும் புழுக்கையை எடுத்து முட்டை எண்ணுவது என் வேலை. வெள்ளைக்கு ஆயிரக்கணக்கில் இருக்கும். சிவப்புக்கு அதில் பாதிகூட இருக்காது. சிவப்புக்குப் புழு வராமல் இல்லை. வந்தாலும் உடம்பு சும்மா இருப்பதில்லை. புழுவைத் தங்க விடாமல் துரத்துகிறது, தங்கினதையும் முட்டையிட விடுவதில்லை. இது பிறவியிலேயே வருவது, தாய் தகப்பன் வழியில் குட்டிக்கு இறங்குவது. வெள்ளையிலும் ஒன்றிரண்டு அப்படித் தாங்கும், சிவப்பிலும் ஒன்றிரண்டு விழும். ஆனால் மந்தையாகப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறது.

நம் பக்கத்திலிருந்து வாங்கிய ஒரு கிடா இருக்கிறது. செம்மண் நிறம், நெற்றியில் ஒரு வெட்டுத் தழும்பு. அதன் புழுக்கையில் முட்டையைத் தேடத்தான் வேண்டியிருக்கிறது. ஆராய்ச்சியை நடத்துகிற டாக்டர் ஒதேரா அதைப் பார்க்கும்போதெல்லாம், இவனுக்கு மட்டும் என்னடா ரகசியம் என்பார்.

பேருந்து ஓட்டுநர் ஹசனிடம் புது மருந்து கொடுத்தனுப்புகிறேன். கடை மருந்து எத்தனையோ வருடமாக எல்லோரும் ஊற்றி ஊற்றிப் புழுவுக்குப் பழகிவிட்டது. இதையும் எல்லாவற்றுக்கும் ஊற்றாதே. ஆட்டின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார். சிவந்திருந்தால் விட்டுவிடு. வெளுத்திருந்தால் மட்டும் கொடு. குட்டிகளையும் குட்டி போட்ட பெட்டைகளையும் தனியாகக் கவனி. குட்டிகளுக்கு எதிர்க்கும் சக்தி இன்னும் வந்திருக்காது. தாய்க்கோ குட்டி ஈனும் சமயத்தில் உள்ள சக்தியும் தளர்ந்துவிடும். பள்ளத்தில் மேய விடாதே. மேட்டுக்கு ஓட்டு.

முடிந்தால் ஒன்று செய். எது சாகிறது, எது நிற்கிறது, எதன் குட்டி என்று நினைவில் வைத்துக்கொள். டாக்டர் கேட்பார்.

நைசுலாவுக்கு என் முத்தம்.

உன் தம்பி,
கோய்கை


எமாலிக்கு மேற்கே,
1997 டிசம்பர் 21

அன்புத் தம்பிக்கு,

மருந்து வந்தது. ஹசன் நனையாமல் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். நீ சொன்னபடி செய்தேன். நானும் நைசுலாவும் பட்டி முழுவதும் இமையை இழுத்து இழுத்துப் பார்த்தோம். சிவந்த இமையைத் தேட வேண்டியிருந்தது. முக்கால்வாசியும் காகிதம் மாதிரி வெளுத்திருந்தன. அம்மா கொடுத்த இரண்டுக்கும் வேறு சிலவற்றுக்கும்தான் உள்ளே நல்ல ரத்தம் தெரிந்தது.

மருந்து பாதிக்குத்தான் வந்தது. குடித்தவை ஒரு வாரம் தலை நிமிர்ந்தன. பிறகு அதே புல், அதே தண்ணீர். மேட்டுக்கு ஓட்டச் சொன்னாய். மேட்டிலும் தண்ணீர் நிற்கிறது, தம்பி. குட்டிகள் அநேகமாக முடிந்துவிட்டன. என் கூரைச் சாணிப்பூச்சு கரைந்து உள்ளே ஒழுகுகிறது. ஒரு பக்கம் பூசினால் மறுபக்கம் விழுகிறது.

மிச்சத்தை விற்கலாம் என்றால் சந்தை இல்லை. வடக்கே ஏதோ காய்ச்சலாம், ஆடுமாட்டிலிருந்து மனிதர்களுக்கு வந்து சாகிறார்களாம். ஆட்டை ஓட்டவும் கூடாது, அறுக்கவும் கூடாது என்று உத்தரவு.

நேற்று பர்முவாட் வேலியைத் தாண்டி உள்ளே வந்தார். முதல் தடவையாகப் பேசினார். "ஆடு இருந்தா நீ தனி ஆளு. ஆடு இல்லேன்னா நீ என் வீட்டுப் பொம்பளை. கோவத்துல சொல்லலை, முறையைச் சொல்றேன்" என்றார். உண்மையிலேயே அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. போகும்போது நைசுலாவைப் பார்த்து, "இவளுக்கும் வயசாச்சே" என்றார். அவர் மந்தையும் வெள்ளைதான், அதுவும் சாகிறது. மஷூருவில் அவருக்கு ஒரு சிநேகிதர் இருக்கிறார். அவருடைய மாடுகள் வறட்சியிலும் பிழைத்தவை. பெண் கொடுத்தால் மாடு வரும்.

நீ எழுதிய கிடாவைப் பற்றி எத்தனையோ தடவை படித்துவிட்டேன். அதை எனக்குக் கொடு. விலை வேண்டுமானால் பிறகு கட்டுகிறேன். அந்தக் கிடா என் பட்டியில் நின்றால், இவள் மந்தையைத் திரும்ப எழுப்புவாள் என்று பெரியவர்கள் ஒரு வருடம் பொறுப்பார்கள். எனக்கு ஒரு வருடம் போதும். பிள்ளை எட்டாம் வகுப்பை முடித்துவிடுவாள்.

இன்னொன்று, கேட்காமல் இருக்க முடியவில்லை. இளம்புழுவை வாயில் ஊற்றுவோம் என்று எழுதியிருந்தாய். நீயே ஊற்றுகிறாயா?

உன் அக்கா,
சிலந்தோய்


உக்குண்டா,
1998 ஜனவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு தடவை டாக்டர் அறை வாசல் வரை போய்த் திரும்பினேன். மூன்றாவது தடவை உள்ளே போய்க் கேட்டுவிட்டேன். அவர் கெட்டவர் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். முழுவதும் கேட்டார்.

பிறகு சொன்னார்: "கோய்கை, அந்தக் கிடா உங்க அக்கா வீட்டுக்குப் போனா ஒரு வீடு பொழைக்கும். இங்க இருந்தா எத்தனை வீடு பொழைக்கும்னு நமக்கே இன்னும் தெரியாது. அதுக்காகத்தானே இத்தனை வருஷம் உட்கார்ந்திருக்கோம்?"

எங்க அக்கா வீடு அதுல எத்தனையாவது வீடு என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை.

ஜனவரிக் கடைசியில் அறுப்பு. முட்டையை எண்ணினால் மட்டும் போதாது, வயிற்றைத் திறந்து உள்ளே எத்தனை புழு, எத்தனை பெரியது என்று பார்க்க வேண்டும். அந்தக் கிடாவும் அதில் ஒன்று. ஆனால் அதற்குப் பிறந்த குட்டிகள் இருக்கின்றன. தடை உத்தரவு நீங்கியதும் இரண்டு கிடாக்குட்டிகளை உன் பெயருக்கு அனுப்புவதாக டாக்டர் வாக்குக் கொடுத்திருக்கிறார். மார்ச் ஆகலாம்.

உண்மையைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. கிடா வந்தாலும் அது இப்போது சாகிற ஆட்டைக் காப்பாற்றாது. அதன் பலம் இனிப் பிறக்கும் குட்டிக்குத்தான் போகும். ஒரு தலைமுறை, இரண்டு தலைமுறை ஆக வேண்டும். அதுவரை நீ தாங்க வேண்டும்.

ஆமாம், நான்தான் ஊற்றுகிறேன். நாக்கை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மெதுவாக ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் மூச்சுக்குழலில் இறங்கிவிடும். அந்த வேலைக்கு என் கைதான் சரி என்பார்கள்.

முறிந்துபோகாதே, அக்கா. பர்முவாட் அவசரப்படமாட்டார். பெரியவர்கள் இருக்கிறார்கள்.

உன் தம்பி,
கோய்கை


எமாலி, ஹசன் கையில்,
1998 ஜனவரி 14

தம்பி,

ஹசன் வண்டி கிளம்பக் காத்திருக்கிறது, அவசரமாக எழுதுகிறேன்.

பெரியவர்கள் இருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். இருக்கிறார்கள். திங்கட்கிழமை என் பட்டிக்கு வந்து பார்த்தார்கள். ஒரு காலத்தில் ஆடு திரும்பினால் தூசி எழும் பட்டி அது. இப்போது உள்ளே நிற்பதை உட்கார்ந்த இடத்திலிருந்தே எண்ணிவிடலாம். செத்ததை எரிக்கக் காய்ந்த விறகு இல்லை. குழியைத் தோண்டினால் தண்ணீர் ஊறுகிறது.

அடுத்த பிறைக்குள் நைசுலாவுக்குப் பெண்களை வெட்டும் சடங்கை முடித்து மஷூருவுக்கு மனைவியாக அனுப்புவதாகப் பேச்சு முடிந்துவிட்டது. அந்த மனிதருக்கு ஏற்கெனவே இரண்டு மனைவிகள், மூத்தவளுக்கு என் வயது. நான் கத்தினேன். கெஞ்சினேன். பர்முவாட், "நானும்தான் செத்துக்கிட்டிருக்கேன் சிலந்தோய். என் பிள்ளைங்களுக்குப் பாலுக்கு என்ன வழி, நீ சொல்லு" என்றார்.

கிடா வேண்டாம், தம்பி. அதைப் பற்றி இனிப் பேசவே வேண்டாம். பிள்ளையை எடுத்துக்கொள். தாய்மாமன் வந்து கையைப் பிடித்து அழைத்துப் போனால் பர்முவாட்டாலும் எதிர்த்து நிற்க முடியாது, நம் வழக்கத்தில் உன் வார்த்தைக்கு அந்த மதிப்பு இருக்கிறது. நான் தனியாக அனுப்பினால் ஓடிப்போன பெண் என்று தேடி வருவார்கள். நீ வந்தால் அது மாமன் வீட்டுக்குப் போனதாக ஆகும்.

இந்த மாதக் கடைசி வெள்ளிக்கிழமை. சந்தை இல்லாவிட்டாலும் கடற்கரைப் பேருந்து எமாலியில் நிற்கும். துணி வாங்கப் போவதாகச் சொல்லிப் பிள்ளையை அழைத்துக்கொண்டு வந்து நிற்பேன். அன்றைக்கே திரும்பிவிடலாம்.

புழு ஊற்றுவதைப் பற்றி எழுதியதைப் படித்தேன். ஆனால் அதை மனதில் வைத்துக்கொண்டு நான் எதுவும் எழுதவில்லை. நீ வா.

அக்கா


உக்குண்டா,
1998 பிப்ரவரி 8

அன்புள்ள அக்காவுக்கு,

எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. நீ வெள்ளிக்கிழமை எமாலியில் நின்றிருப்பாய்.

அது அறுப்பு வாரம். வெளிநாட்டிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். வயிற்றைக் கழுவி வடிகட்டிப் புழுவை எண்ண என்னை விட்டால் ஆள் இல்லை. லீவு கேட்டேன். "திங்கட்கிழமை போயேன், மூணு நாள்ல என்ன ஆயிடப் போவுது?" என்றார் டாக்டர். மூன்று நாளில் என்ன ஆகும் என்று அவரிடம் நான் உடைத்துச் சொல்லியிருக்க வேண்டும். அவர் முகத்தைப் பார்த்ததும் சரி சார் என்றுவிட்டேன். இங்கே என் இடத்துக்கு எத்தனை பேர் வாசலில் நிற்கிறார்கள் என்பது உனக்குத் தெரியாது.

திங்கட்கிழமை கிளம்பினேன், அக்கா. சத்தியமாகக் கிளம்பினேன். வோய் வரை போனேன். அதற்கு அப்பால் பாலத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. லாரிகள் வரிசையாக நின்றன. ஒரு ராத்திரியும் ஒரு பகலும் சாலையிலேயே உட்கார்ந்திருந்தேன். சிலர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வெள்ளத்தில் இறங்கினார்கள். நான் இறங்கவில்லை. மகன் ஞாபகம் வந்தது. திரும்பிவிட்டேன்.

சிவப்புக் கிடாவை நான்தான் அறுத்தேன். அதன் வயிற்றில் விரல்விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் புழு இருந்தது. அவையும் வளராமல் குன்றிப் போனவை. பக்கத்து மேசையில் வெள்ளைக் கிடாவின் வயிற்றுச் சுவரே தெரியவில்லை, அவ்வளவு அப்பியிருந்தது. வந்தவர்கள் கை தட்டினார்கள். உன்னிடம் மறைக்க மாட்டேன், எனக்கும் ஒரு கணம் சந்தோஷமாக இருந்தது. அப்புறம் வெள்ளிக்கிழமை ஆயிற்றே என்று ஞாபகம் வந்தது.

குட்டிகள் இரண்டும் உனக்கென்று ஒதுக்கியாயிற்று. காதில் உன் பெயரைக் கட்டியிருக்கிறேன். பாலம் சரியானதும் பிள்ளையை அழைக்க நானே வருகிறேன். நீ எப்படி இருக்கிறாய்? பிள்ளை எங்கே? ஒரு வரி எழுது. ஹசன் இரண்டு வாரமாக ஒன்றும் கொண்டுவரவில்லை.

உன் தம்பி,
கோய்கை


பர்முவாட் வளவு,
1998 மார்ச் 24

கோய்கைக்கு,

உன் கடிதம் வந்தது. குட்டிகளும் வந்தன. தாமதமாக எழுதுகிறேன்.

அந்த வெள்ளிக்கிழமை விடிந்ததிலிருந்து நின்றோம். கடற்கரையிலிருந்து வந்த ஒவ்வொரு வண்டியிலும் இறங்குகிறவர்களைப் பார்த்தோம். நைசுலா தூரத்தில் வருகிற உயரமான ஆளையெல்லாம் மாமாவா என்று கேட்டுக்கொண்டிருந்தாள், பிறகு கேட்பதை நிறுத்திவிட்டாள். கடைசி வண்டியிலிருந்து ஹசன் இறங்கி வந்து, "உன் தம்பி ஏறலையேம்மா" என்றார். அன்று பாலம் இருந்தது.

வீட்டுக்குத் திரும்பினால் எல்லாம் முடிந்தது. அதனால் திரும்பவில்லை. கஜியாடோவுக்குப் போகிற மூட்டை லாரியில் ஏறினோம். வழியில் இரண்டு இடத்தில் எல்லோரும் இறங்கித் தள்ளினோம். அங்கே மிஷன் பெண்கள் பள்ளிக்கூடம் இருக்கிறது. தலைமை ஆசிரியை சேறு படிந்த எங்கள் காலைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் கொடுத்தார். இந்த மாதிரிப் பிள்ளைகள் ஏற்கெனவே அங்கே இருக்கிறார்களாம். பெயர் எழுதும்போது, "அப்பா இல்லேன்னா தாய்மாமன் பேரு போடலாம்மா, பின்னால யாராவது வந்து கேட்டா ஆம்பளை பேரு இருக்கிறது நல்லது" என்றார். என் பெயரையே போடச் சொன்னேன்.

பிறகு நான் தனியாகத் திரும்பினேன். பர்முவாட் அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. பெரியவர்கள் முன்னால், "பிள்ளையை விட்டுடுங்க. நான் வர்றேன். மிச்சம் நிக்கிற ஆடும் உங்களுது" என்றேன். பசித்தவர் அவர், மோசமானவர் என்று சொல்ல மாட்டேன். மஷூருக்காரரிடம் வாங்கிய கிடாரிக் கன்றுகளைத் திருப்பி ஓட்டிவிட்டு வந்தார். இப்போது அவர் வளவில் எனக்கு ஒரு குடிசை கட்டிக்கொண்டிருக்கிறேன். மழை விட்டுவிட்டது, பூச்சு நிற்கிறது.

எது நின்றது, எதன் குட்டி என்று டாக்டருக்காகக் கேட்டிருந்தாய். சொல்கிறேன். அம்மா கொடுத்த இரண்டும் நிற்கின்றன. அவற்றுக்கும் வெள்ளைக் கிடாவுக்கும் பிறந்த கலப்பில் ஆறு நிற்கின்றன, எல்லாவற்றுக்கும் எங்கேயாவது சிவப்பு மயிர் இருக்கிறது. சுத்த வெள்ளையில் ஒரே ஒரு பெட்டை தப்பியது. அது அம்மா ஆட்டு வழி இல்லை, நீ அனுப்பிய மருந்தும் குடித்ததில்லை. இமை இன்னும் சிவந்திருக்கிறது. அது மட்டும் ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. ரத்தம் எடுக்க வேண்டுமென்றால் ஆள் அனுப்பலாம். பர்முவாட்டிடம் கேட்க வேண்டும், ஆடு அவருடையது.

உன் குட்டிகள் இரண்டும் அவர் பட்டியில் நன்றாக மேய்கின்றன. காதில் கட்டியிருந்த பெயரை அவர் அவிழ்த்துவிட்டார். உன்னைப் பற்றி மிகவும் பெருமையாகப் பேசுகிறார். அடுத்த வருடம் அக்கம்பக்கத்தில் எல்லோரும் இவற்றின் வழிக் குட்டி கேட்டு வருவார்கள். உங்கள் டாக்டர் சொன்னது சரிதான், நிறைய வீடு பிழைக்கும்.

நீ வெள்ளத்தில் இறங்காததற்கு உன்மேல் கோபம் இல்லை. உனக்கும் பிள்ளை இருக்கிறது. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமைதான் எனக்குள் ஆறவில்லை. ஆறுமா என்று தெரியவில்லை.

நைசுலா நன்றாக இருக்கிறாள். அவளுக்கு நோட்டும் சோப்பும் சட்டையும் வேண்டியிருக்கும். நீ ஏதாவது செய்ய நினைத்தால் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பு, அவள் வாங்கிக்கொள்வாள். எனக்கு எழுத வேண்டாம்.

சிலந்தோய்